முகப்பு விளக்கின் வெளிச்சம் எங்கே விழுகிறது?

வாசகர் கேள்வி – பதில்

கார்களின் முகப்பு விளக்குகளைப் பற்றி வாசகர்கள் அனுப்பியிருந்த கேள்விகளில், ஒன்றையொன்று ஒட்டி வருபவற்றை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். ஒரே ஐயத்தைப் பலர் எழுப்பியிருந்த இடங்களில் அவற்றை ஒரு கேள்வியாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: ஹாலஜன், செனான், எல்.இ.டி. என்று மூன்று வகைகளைச் சொல்கிறார்கள். மூன்றிலும் ஒளி உண்டாகும் விதம் ஒன்றுதானா?

பதில்: இல்லை, மூன்றும் அடிப்படையிலேயே வேறு. ஹாலஜன் பல்பில் ஒளியைத் தருவது சூடு. மெல்லிய டங்ஸ்டன் இழையின் வழியே மின்சாரம் பாயும்போது இழை ஏறத்தாழ 3,000 டிகிரி செல்சியஸை நெருங்கும் அளவுக்குச் சூடேறி, சற்றே மஞ்சள் கலந்த வெள்ளை ஒளியை வீசுகிறது. அத்தனை சூட்டில் டங்ஸ்டன் சிறிது சிறிதாக ஆவியாகிக்கொண்டே இருக்கும். பழைய குண்டு பல்புகளில் அந்த ஆவி கண்ணாடியின் உட்புறத்தில் படிந்து கறுத்துவிடும். ஹாலஜன் பல்பினுள் சிறிதளவு புரோமின் அல்லது அயோடின் சேர்க்கப்பட்டிருப்பதால், கண்ணாடியை நோக்கிப் போகும் டங்ஸ்டன் அணுக்கள் வழியிலேயே அந்தத் தனிமத்தோடு சேர்ந்து, மீண்டும் இழையின் அருகே வரும்போது சூட்டில் பிரிந்து இழையின் மேலேயே படிந்துவிடுகின்றன. ஆனால் எந்த இடத்தில் இழை மெலிந்ததோ அதே இடத்தில்தான் படியும் என்பதில்லை. ஆகையால் பல்பு கறுக்காமல் இருந்தாலும், மெலிந்த இடத்தில் ஒருநாள் அறுந்தே தீரும். 1962-இல் ஐரோப்பியக் கார்களுக்கு எச்1 என்ற பெயரில் வந்த முதல் ஹாலஜன் பல்பு தொடங்கி இன்றுவரை இந்த ஏற்பாடு மாறவில்லை.

செனான் விளக்கில் இழையே கிடையாது. விரல் நுனியைவிடச் சிறிய குவார்ட்ஸ் குமிழ் ஒன்றினுள் ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு மின்முனைகள் நிற்கும். பல்பை எரியவைக்க 20,000 வோல்ட்டுக்கும் மேற்பட்ட மின்துடிப்பு ஒன்று தேவைப்படுகிறது. அது வாயுவைப் பிளந்து, முனைகளுக்கிடையே மின்வில்லை உண்டாக்கும். செனான் வாயு உடனே ஒளிரத் தொடங்கும். குமிழிலுள்ள உலோக உப்புகள் ஆவியாகி முழு வெளிச்சம் வர மேலும் சில விநாடிகள் ஆகும். பெயர் செனானுக்குப் போய்விட்டாலும், நாம் காணும் ஒளியின் பெரும்பகுதியைத் தருவது இந்த உப்புகளே. வில் ஒருமுறை நிலைபெற்ற பிறகு அதைத் தாங்க, பாதரசம் கலந்த டி2எஸ் பல்புக்கு 85 வோல்ட்டும், பாதரசம் இல்லாத டி4எஸ் பல்புக்கு 42 வோல்ட்டும் போதும். இந்த வோல்ட் வித்தையையெல்லாம் பார்த்துக்கொள்வது பலாஸ்ட் என்னும் மின்னணுப் பெட்டி. கார்களில் இது முதலில் வந்தது 1991-இல், பி.எம்.டபிள்யூ. 7 வரிசையில்.

எல்.இ.டி.யில் சூடேறி ஒளிரும் பொருளும் இல்லை, வாயுவும் இல்லை. கேலியம் நைட்ரைடு என்னும் குறைக்கடத்திச் சில்லில் மின்சாரம் பாயும்போது அது நேரடியாக நீல ஒளியை உமிழ்கிறது. சில்லின் மேல் பூசப்பட்ட மஞ்சள் பாஸ்பர் அந்த நீலத்தின் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்றுகிறது. நீலமும் மஞ்சளும் கலந்து கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. திறன்மிக்க நீல எல்.இ.டி.யைச் சாத்தியமாக்கியதற்காக அகாசாகி, அமானோ, நாகமுரா ஆகிய மூவருக்கு 2014-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. கார்களோ அதற்கு முன்பே அதைப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தன: 2007-இல் லெக்ஸஸ் எல்.எஸ். 600எச் தன் லோ பீமை (எதிரே வருபவரின் கண் கூசாதபடி தாழ்த்திய ஒளியை) எல்.இ.டி.யில் தந்தது, அடுத்த ஆண்டே ஆடி ஆர்8 எல்லா முன்விளக்குகளையும் எல்.இ.டி.யில் தந்தது.

கேள்வி: ஹாலஜன் பல்பை மாற்றும்போது கண்ணாடியைக் கையால் தொடக்கூடாது என்கிறார்களே, அது உண்மையா?

பதில்: உண்மை. அந்தக் குமிழ் எரியும்போது பல நூறு டிகிரி சூடாகும். விரலிலுள்ள எண்ணெய்ப்பிசுக்கும் உப்பும் குவார்ட்ஸில் ஒட்டியிருந்தால், அந்த இடம் சூட்டில் மங்கி, சீரற்று விரிந்து, பல்பு சீக்கிரமே கெடும். தவறித் தொட்டுவிட்டால் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்துவிட்டுப் பொருத்தலாம்.

கேள்வி: என் காரில் ரிஃப்ளெக்டர் வகை விளக்கு இருக்கிறது. புரொஜெக்டர் வகைதான் சிறந்தது என்று நண்பர் சொல்கிறார். இரண்டுக்கும் என்ன வேறுபாடு?

பதில்: பல்பு ஒளியை உண்டாக்குகிறது, அவ்வளவுதான். அந்த ஒளியைச் சாலையில் எந்த இடத்தில் எவ்வளவு போடுவது என்பதைத் தீர்மானிப்பது அதைச் சூழ்ந்துள்ள ஒளியியல் அமைப்பு. பல்பின் வகையைப் பற்றி நடக்கும் விவாதத்தில் பாதியாவது இந்த அமைப்பைப் பற்றி நடந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

பரவலாகப் புழங்கும் எச்4 ஹாலஜன் பல்பைக் கையில் எடுத்துப் பார்த்தால் விஷயம் விளங்கும். உள்ளே இரண்டு இழைகள் இருக்கும். ஹை பீமுக்கு (தொலைதூரத்துக்குப் பாயும் முழு ஒளிக்கு) 60 வாட், லோ பீமுக்கு 55 வாட். லோ பீம் இழையின் கீழே மட்டும் கரண்டி போல ஒரு சிறு உலோகத் தகடு பொருத்தப்பட்டிருக்கும். இந்த இழை ரிஃப்ளெக்டரின், அதாவது பல்பைச் சூழ்ந்த குழியாடியின், குவியத்துக்குச் சற்று முன்னால் நிற்பதால், ரிஃப்ளெக்டரின் மேல்பாதியில் பட்ட ஒளி கீழ்நோக்கிச் சாலைக்குத் திரும்பும். கீழ்பாதியில் படும் ஒளியோ மேல்நோக்கி எழுந்து எதிரே வருபவரின் கண்ணுக்குப் போகும். அந்தக் கீழ்ப்பாதிக்கு ஒளி போகாமல் மறிப்பதுதான் தகட்டின் வேலை. தகட்டின் ஒரு விளிம்பு 15 டிகிரி சாய்வாக இருக்கும். அதனால்தான் சுவரில் விழும் லோ பீமின் மேல்விளிம்பு, சாலையோரப் பக்கத்தில் மட்டும் சற்று உயர்ந்து காணப்படும். நடந்துபோகிறவர்களையும் வழிகாட்டிப் பலகைகளையும் பார்க்க உதவுவது அந்தச் சரிவு. குறை என்னவென்றால், லோ பீமில் ரிஃப்ளெக்டரின் ஏறத்தாழ பாதி சும்மா கிடக்கிறது.

புரொஜெக்டரில் ஒளிமூலத்தின் பின்னே நீள்வட்ட வடிவ ரிஃப்ளெக்டர் ஒன்று இருந்து, ஒளி முழுவதையும் முன்னாலுள்ள ஒரு புள்ளிக்குக் குவிக்கிறது. அந்த இடத்தில் ஒரு தகடு நிற்கிறது. தகட்டின் விளிம்பைக் குவிலென்ஸ் ஒன்று தலைகீழாகச் சாலையின் மேல் வீழ்த்துகிறது. ஆகையால் லோ பீமின் மேல்விளிம்பு கோடு கிழித்தாற்போல் கூர்மையாக இருக்கும். தகட்டை ஒரு சிறு மின்காந்தம் கீழே இழுத்துவிட்டால் அதே விளக்கு ஹை பீமாகிவிடும், ‘பை-செனான்’, ‘பை-எல்.இ.டி.’ என்று விற்கப்படுவது இதுவே.

உங்கள் நண்பர் சொல்வது பாதிதான் சரி. கூர்மையான கோடு எதிரே வருபவருக்கு நல்லது. ஓட்டுபவருக்கு அது சில சமயம் சிரமம் தரும். கோட்டுக்குக் கீழே பகல்போலவும் மேலே இருட்டாகவும் இருப்பதால், மேடுபள்ளத்தில் அந்தக் கோடு எழுந்து தாழும்போது கண் அலுத்துப்போகும். நன்றாக வடிவமைத்த ரிஃப்ளெக்டர், மோசமாக வடிவமைத்த புரொஜெக்டரைவிட மேல்.

கேள்வி: ஹாலஜன் பல்பைக் கழற்றிவிட்டு, அதே இடத்தில் பொருந்தும் எல்.இ.டி. பல்பைப் போட்டுக்கொள்ளலாமா? போட்டவர்கள் வெளிச்சம் பிரமாதமாக இருப்பதாகச் சொல்கிறார்கள்.

பதில்: இதே கேள்வியைத்தான் மிகப் பலர் கேட்டிருக்கிறார்கள், ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன்.

ஹாலஜன் விளக்கின் ரிஃப்ளெக்டர், குறிப்பிட்ட இடத்தில் குறிப்பிட்ட நீளமுள்ள ஓர் இழை இருக்கும் என்று கணக்கிட்டு வளைக்கப்பட்டது. இழை தன்னைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒளி வீசும். அந்த இடத்தில் வரும் எல்.இ.டி. பல்பிலோ, மெல்லிய பட்டை ஒன்றின் இரண்டு முகங்களில் சில்லுகள் ஒட்டப்பட்டிருக்கும். ஒளி இரண்டு பக்கங்களுக்கே போகும், பட்டையின் தடிமன் காரணமாக இரண்டு ஒளிமூலங்களும் இழை இருந்த மையத்திலிருந்து விலகியும் இருக்கும். ஒளிமூலம் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலே சாலையில் விழும் ஒளியின் வடிவம் குலையும். விளைவாக, மேலே போகக்கூடாத ஒளி மேலே போகிறது. தொலைவில் குவியவேண்டிய ஒளி காருக்கு அருகிலேயே கொட்டுகிறது.

போட்டவர்கள் ‘பிரமாதம்’ என்று சொல்வதன் காரணமும் இந்தக் கடைசி வரியில்தான் இருக்கிறது. காரின் மூக்குக்கு முன்னால் 10, 15 மீட்டரில் சாலை வெள்ளையாக மின்னும்போது, வெளிச்சம் கூடிவிட்டதாக மனம் நிறைகிறது. ஆனால் அருகில் மின்னும் அந்தச் சாலை கண்ணின் பாவையைச் சுருக்கிவிடுவதால், 60 மீட்டரில் கறுப்பு உடையில் நிற்பவர் முன்பைவிட மங்கலாகவே தெரிவார். வேகமாகப் போகும்போது நம்மைக் காப்பாற்றுவது அந்த 60 மீட்டர்தான்.

சூடும் ஒரு சிக்கல். ஹாலஜன் தன் சூட்டின் பெரும்பகுதியை அகச்சிவப்புக் கதிராக முன்னே அனுப்பிவிடுகிறது. எல்.இ.டி.யின் சூடு சில்லின் அடியிலேயே தங்கும். அதைப் பின்பக்கம் இழுத்து வெளியேற்றியாக வேண்டும். அதற்கென வடிவமைத்த விளக்கில் பெரிய அலுமினியத் தகடுகளும் காற்றோட்டமும் இருக்கும். மூடிய ஹாலஜன் கூட்டுக்குள் சிறு விசிறி ஒன்று அதே சூடான காற்றையே சுற்றிச் சுற்றி அடித்துக்கொண்டிருக்கும். சில்லு சூடேறச் சூடேற வெளிச்சம் குறையும், ஆயுளும் குறையும். பல நாடுகளில் இத்தகைய மாற்றத்துக்குச் சட்ட அனுமதி இல்லை. ஜெர்மனியில் 2020 முதல், சோதித்துத் தேறிய சில எல்.இ.டி. பல்புகளுக்கு, அவை சோதிக்கப்பட்ட கார் மாடல்களில் மட்டும் இடம் கொடுத்திருக்கிறார்கள். பல்பையும் கூட்டையும் சேர்த்தே சோதிக்கவேண்டும் என்பது அந்த விதியிலேயே அடங்கியிருக்கிறது.

உங்கள் ஹாலஜன் மங்கலாக இருந்தால், பல்பை மாற்றுவதற்கு முன் பல்பின் முனையில் எத்தனை வோல்ட் வந்து சேர்கிறது என்று அளந்து பாருங்கள். ஹாலஜனின் வெளிச்சம் வோல்ட்டோடு மிகச் செங்குத்தாக ஏறி இறங்கும். 13.2 வோல்ட் வரவேண்டிய இடத்தில் துருப்பிடித்த இணைப்பு, மெலிந்த வயர் ஆகியவற்றால் 1 வோல்ட் குறைந்தாலே ஏறத்தாழ கால்பங்கு வெளிச்சம் போய்விடும். பேட்டரியிலிருந்து தடித்த வயரும் ரிலேயும் (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் சுவிட்ச்) வைத்து நேராக இணைத்தால், பல விளக்குகள் புதிதுபோல் எரியும்.

கேள்வி: எதிரே வரும் புதிய கார்களின் விளக்கு லோ பீமிலேயே கண்ணைப் பறிக்கிறது. என் தந்தை இரவில் ஓட்டுவதையே விட்டுவிட்டார். இதற்கு எல்.இ.டி.தான் காரணமா?

பதில்: எல்.இ.டி.க்குப் பங்கு உண்டு. முழுப்பழியும் அதன்மேல் இல்லை.

ஒரே அளவு ஒளி பெரிய பரப்பிலிருந்து வருவதைவிடச் சிறிய பரப்பிலிருந்து வரும்போது கண்ணை அதிகம் குத்தும். பழைய ரிஃப்ளெக்டர் கையகலத்துக்கு ஒளிர்ந்தது. இன்றைய வடிவமைப்பாளர்கள் விரல் அகலப் பட்டையிலிருந்து அதே ஒளியை, சில சமயம் அதைவிடக் கூடுதலான ஒளியை அனுப்புகிறார்கள். பார்ப்பதற்கு அழகு, எதிரே வருபவருக்குத் தொல்லை. அடுத்தது நிறம். நீலம் மிகுந்த ஒளி, அளவில் சமமாகவே இருந்தாலும், கூடுதல் கூச்சத்தைத் தருவதாக மனிதர்கள் உணர்கிறார்கள். வயது ஏற ஏறக் கண்ணின் லென்ஸ் தெளிவிழந்து ஒளியை உள்ளேயே சிதறடிப்பதால், உங்கள் தந்தைக்கு உங்களைவிடக் கூச்சம் அதிகமாக இருப்பதும், அது அடங்கிப் பார்வை மீள அதிக நேரம் ஆவதும் இயல்பு. கண்புரை தொடங்கியிருந்தாலும் இதே அறிகுறி தெரியும் என்பதால், ஒருமுறை கண் மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது.

ஆனால் இவற்றையெல்லாம்விட முக்கியமானது விளக்கு எந்தக் கோணத்தில் பார்க்கிறது என்பது. பெரும்பாலான கார்களில் லோ பீமின் மேல்விளிம்பு 1 சதவீதம் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கவேண்டும். அதாவது 10 மீட்டருக்கு 10 சென்டிமீட்டர் இறக்கம். விளக்கு தரையிலிருந்து 65 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால், 50 மீட்டர் தொலைவில் அந்த விளிம்பு 15 சென்டிமீட்டர் உயரத்துக்கு இறங்கியிருக்கும். பின்னிருக்கையில் மூவர் ஏறி, டிக்கியில் சுமையும் ஏற்றியதால் காரின் மூக்கு ஒரே ஒரு டிகிரி நிமிர்ந்தது என்று வைத்துக்கொள்வோம். அதே 50 மீட்டரில் விளிம்பு ஏறத்தாழ 1 மீட்டர் உயரத்துக்கு எழுந்துவிடும். 75 மீட்டரில் 1.2 மீட்டருக்கு, அதாவது எதிரே வரும் காரோட்டியின் கண்ணுக்கு நேராக. ஓட்டுபவர் அருகே 0 முதல் 3 வரை எண்ணிட்ட சிறு சக்கரம் பல கார்களில் இருக்கிறதே, அது இதற்காகத்தான். சுமை ஏறினால் எண்ணைக் கூட்டவேண்டும், விளக்கு தாழும். அதைத் தொட்டே பார்க்காதவர்கள்தான் பெரும்பாலோர்.

ஐக்கிய நாடுகள் விதிகளைப் பின்பற்றும் நாடுகளில், 2,000 லூமனை (ஒளிமூலம் தரும் மொத்த ஒளியின் அலகு) தாண்டும் லோ பீம் விளக்குக்குத் தானாகவே கோணத்தைச் சரிசெய்யும் கருவியும், லென்ஸைக் கழுவும் நீர்ப்பீச்சும் கட்டாயம். 3,200 லூமன் தரும் செனான் பல்புகள் இந்த விதிக்குள் வந்தன. பல எல்.இ.டி. விளக்குகள் 2,000 லூமனுக்குக் கீழே நிற்கும்படி வடிவமைக்கப்பட்டு, இந்த இரண்டு கருவிகளின் செலவிலிருந்தும் தப்பின. விதி லூமனைப் பார்த்தது. கண்ணோ ஒளிமூலத்தின் செறிவைப் பார்க்கிறது. இந்த இடைவெளியைச் சட்டம் எழுதியவர்கள் முன்பே கவனித்திருக்கலாம்.

உங்கள் சொந்தக் காரைச் சோதித்துக்கொள்வது எளிது. சமதளத்தில் சுவருக்கு 10 மீட்டர் முன்னால் காரை நிறுத்தி, விளக்கின் மையம் தரையிலிருந்து எத்தனை உயரம் என்று அளந்து, அதைவிட 10 சென்டிமீட்டர் கீழே சுவரில் கோடு போடுங்கள். லோ பீமின் மேல்விளிம்பு அந்தக் கோட்டில் நிற்கவேண்டும். உங்கள் காருக்குரிய சரியான சதவீதம், விளக்கின் அருகே பானட்டுக்குள் ஒட்டிய சிறு சீட்டில் அச்சிடப்பட்டிருக்கக்கூடும். அது 1 சதவீதம் இல்லாவிட்டால் அந்த எண்ணையே பின்பற்றுங்கள்.

கேள்வி: மேட்ரிக்ஸ் விளக்கு, எதிரே வரும் காரை மட்டும் விட்டுவிட்டு மற்ற இடமெல்லாம் ஹை பீம் போடுகிறதாம். எப்படி?

பதில்: முன்கண்ணாடியின் பின்னே, உட்புறக் கண்ணாடிக்கு அருகில் உள்ள கேமரா, முன்னால் தெரியும் வெள்ளை ஒளிப்புள்ளிகளை எதிரே வரும் வாகனமாகவும் சிவப்புப் புள்ளிகளை முன்னே செல்லும் வாகனமாகவும் அடையாளம் காண்கிறது. ஹை பீம், பக்கம் பக்கமாக நிற்கும் பல தனித்தனி எல்.இ.டி.களால் ஆனது, ஒவ்வொன்றும் சாலையின் ஒரு செங்குத்துப் பட்டையை மட்டும் ஒளியூட்டும். எந்தப் பட்டையில் வாகனம் நிற்கிறதோ அதற்குரிய எல்.இ.டி. மட்டும் அணையும். வாகனம் நெருங்க நெருங்க, இருட்டுப் பட்டையும் அதனோடு நகர்ந்து அகலமாகிக்கொண்டே வரும். ஓட்டுநருக்கு எதிரே வரும் கார் ஓர் இருண்ட பெட்டிக்குள் இருப்பதுபோலவும், அதன் இருபுறமும் சாலை பளிச்சென்றும் தெரியும்.

2013-இல் ஆடி ஏ8 ஒரு விளக்குக்கு 25 எல்.இ.டி.களோடு இதைத் தொடங்கிவைத்தது. பட்டைகள் அகலமாக இருந்ததால் கத்தரிப்பும் முரட்டுத்தனமாக இருந்தது. அதன்பின் இரண்டு வழிகள் பிரிந்தன. ஒன்று, 2018-இல் மெர்சிடிஸ் கொண்டுவந்தது: சினிமா புரொஜெக்டரில் இருப்பதைப் போன்ற சில்லு ஒன்றில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட நுண்கண்ணாடிகள்; ஒவ்வொன்றும் சாய்ந்து ஒளியைச் சாலைக்கோ உள்ளிருக்கும் கறுப்புப் பரப்புக்கோ அனுப்பும். துல்லியம் அபாரம், ஆனால் இருட்டாக வேண்டிய இடத்துக்கான ஒளியும் உண்டாக்கப்பட்டுப் பின் வீணடிக்கப்படுகிறது. இன்னொரு வழி, தேவையான புள்ளியை மட்டும் எரியவிடுவது. போர்ஷே ஒரு விளக்குக்கு 32,000-க்கும் மேற்பட்ட நுண் எல்.இ.டி.களை வைத்தது இந்த வழியில்தான். எண்ணிக்கையில் கண்ணாடி வழியை எட்டாவிட்டாலும், மின்சாரமும் சூடும் மிச்சமாவதால், இந்த இரண்டாவது வழிதான் நிலைக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அமெரிக்காவில் ஹை பீம், லோ பீம் என்ற இரண்டுக்கும் தனித்தனி அளவுகளை வகுத்திருந்த பழைய விதியில் இந்த இடைப்பட்ட விளக்குக்கு இடமே இல்லாமல் இருந்தது. 2022 பிப்ரவரியில்தான் அங்கே இதற்கு வழி திறந்தது. ஐரோப்பா அதற்குப் பல ஆண்டுகள் முன்பே அனுமதித்துவிட்டது.

குறைகளும் இருக்கின்றன. கேமரா விளக்குகளைப் பார்த்தே முடிவெடுக்கிறது. பிரிசாலையின் நடுத்தடுப்பு எதிரே வரும் லாரியின் விளக்குகளை மறைத்துவிட்டால், தடுப்புக்கு மேலே அமர்ந்திருக்கும் லாரி ஓட்டுநரின் கண்ணில் முழு ஹை பீமும் விழும். மேட்டின் மறுபக்கத்திலிருந்து திடீரென எழும் காரைக் கண்டுகொள்ள ஒரு கணம் பிடிக்கும். மங்கிய விளக்கோடு வரும் சைக்கிளையும், விளக்கே இல்லாமல் நடந்து வருபவரையும் அது தவறவிடலாம். ஆகவே இந்த வசதி இருக்கும் காரிலும் லோ பீம் மாற்றும் கைப்பிடியை விரல் மறந்துவிடக்கூடாது.

கேள்வி: லேசர் விளக்கு எல்.இ.டி.யை ஓரங்கட்டிவிடும் என்று படித்தேன். உண்மையிலேயே லேசர் கதிர் சாலையில் பாய்கிறதா? கண்ணுக்கு ஆபத்தில்லையா?

பதில்: லேசர் கதிர் விளக்கைவிட்டு வெளியே வருவதில்லை. நீல லேசர் டையோடுகளின் கதிர் விளக்குக்குள்ளேயே சிறு பாஸ்பர் துண்டில் பட்டு, அங்கே வெள்ளை ஒளியாக மாறுகிறது. வெளியே வருவது அந்தச் சாதாரண வெள்ளை ஒளிதான். பாஸ்பரில் ஒளிரும் புள்ளி மிகச் சிறியது என்பதே இதன் சிறப்பு. ஒளிமூலம் எவ்வளவு சிறியதோ, அவ்வளவு ஒடுங்கிய கற்றையைச் சிறு ரிஃப்ளெக்டராலேயே உண்டாக்கலாம். 2014-இல் வந்த பி.எம்.டபிள்யூ. ஐ8, இதைக்கொண்டு 600 மீட்டர் வரை ஹை பீம் எட்டும் என்றது.

ஆனால் இது ஹை பீமுக்குக் கூடுதல் துணை மட்டுமே. வேகமாகச் செல்லும்போது, எதிரே யாரும் இல்லாத சாலையில் மட்டும் எரியும். அப்படிப்பட்ட சாலை எத்தனை பேருக்கு வாய்க்கிறது? ஹை பீமின் செறிவுக்குச் சட்டம் உச்சவரம்பு வைத்திருக்கிறது. அமெரிக்காவில் அது ஐரோப்பாவைவிடக் குறைவு என்பதால் லேசரின் வீச்சுக்கு அங்கே பயனே இல்லை. இதற்கிடையே எல்.இ.டி. சில்லுகளின் செறிவும் ஏறிவிட்டது. ஓரங்கட்டப்படுவது எல்.இ.டி. அல்ல, லேசர்தான் என்பதே இன்றைய நிலை.

கேள்வி: பல்பு பெட்டிகளில் கெல்வின், லூமன், ‘100 சதவீதம் கூடுதல் வெளிச்சம்’ என்றெல்லாம் போட்டிருக்கிறார்கள். எதை நம்புவது?

பதில்: கெல்வின் என்பது நிறத்தைக் குறிக்கும் எண், வெளிச்சத்தின் அளவு அல்ல. ஹாலஜன் ஏறத்தாழ 3,200, செனான் 4,200, கார் எல்.இ.டி. பெரும்பாலும் 5,500 முதல் 6,000 வரை. எண் ஏற ஏற ஒளி நீலமாகும். நீலப் பூச்சுப் பூசிய ஹாலஜன் பல்புகள் உண்டே, அவற்றில் அந்தப் பூச்சு வெளிச்சத்தின் ஒரு பகுதியை விழுங்கித்தான் வெள்ளைத் தோற்றத்தைத் தருகிறது; செனான் மாதிரி தெரியும், சாலை இருட்டும்.

லூமன் என்பது ஒளிமூலம் எல்லாத் திசைகளிலும் தரும் மொத்த ஒளி. எச்7 ஹாலஜன் 55 வாட்டில் 1,500 லூமன். டி2எஸ் செனான் 35 வாட்டில் 3,200 லூமன். மின்சாரச் சிக்கனத்தை ஒப்பிட இந்த எண்கள் உதவும். சாலையில் 60 மீட்டரில் எத்தனை லக்ஸ் (ஒரு பரப்பின் மேல் விழும் வெளிச்சத்தின் அலகு) விழுகிறது என்பதை இவை சொல்லாது. ‘100 சதவீதம்’ என்பது, சாலையின் ஏதோ ஒரு குறிப்பிட்ட புள்ளியில், விதி கேட்கும் குறைந்தபட்ச அளவோடு ஒப்பிட்டுச் சொல்லப்படுவது. இழையை நெருக்கமாகச் சுற்றி, இன்னும் சூடாக எரியவிட்டு அந்தக் கூடுதலைப் பெறுகிறார்கள். விலையாக ஆயுள் குறைகிறது. வோல்ட் 5 சதவீதம் கூடினாலே ஹாலஜனின் ஆயுள் ஏறத்தாழ பாதியாகிவிடும் என்றால், சூட்டோடு விளையாடுவது எவ்வளவு நுட்பமானது என்று புரியும்.

கேள்வி: மூடுபனியில் மஞ்சள் விளக்கு நன்றாகத் தெரியும் என்பது சரியா?

பதில்: அலைநீளம் கூடினால் சிதறல் குறையும் என்ற விளக்கம் வானத்தின் நீலத்துக்குப் பொருந்தும், மூடுபனிக்குப் பொருந்தாது. பனித்துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியவை; எல்லா நிறத்தையும் ஏறத்தாழ ஒரேபோல் சிதறடிக்கும். பிரான்சில் 1936 தொடங்கி 1993 வரை கார்களுக்கு மஞ்சள் முகப்பு விளக்கே சட்டமாக இருந்தது. ஐரோப்பா முழுவதும் ஒரே விதி வந்தபோது அது கைவிடப்பட்டது. நீலம் வடிகட்டப்பட்ட ஒளியில் கூச்சம் சற்றுக் குறையலாம், அவ்வளவே. மூடுபனி விளக்கு உதவுவது அது தாழ்வாகப் பொருத்தப்பட்டு, அகலமாகவும் தட்டையாகவும் ஒளி வீசுவதால்தான். ஹை பீம் போட்டால் பனித்துளிகளில் பட்ட ஒளி நம் கண்ணுக்கே திரும்பிவந்து வெள்ளைச் சுவராக நிற்கும்.

கேள்வி: விளக்கின் மேல்மூடி மஞ்சளித்து மங்கிவிட்டது. பற்பசையால் தேய்த்தால் சரியாகும் என்கிறார்கள்.

பதில்: மூடி பாலிகார்பனேட் என்னும் பிளாஸ்டிக்கால் ஆனது. அதன் மேல் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கடினப் பூச்சு ஒன்று உண்டு. அது தேய்ந்த பிறகுதான் மஞ்சளிப்பு தொடங்குகிறது. பற்பசையோ மெருகுப் பசையோ மேல்படலத்தைச் சுரண்டிச் சில வாரங்கள் தெளிவாகக் காட்டும். எஞ்சியிருந்த பூச்சும் அதோடு போய்விடுவதால் முன்னைவிட வேகமாக மங்கும். நுண்ணிய உப்புத்தாளால் படிப்படியாகத் தேய்த்து, முடிவில் புற ஊதாத் தடுப்புப் பூச்சைப் புதிதாக அடிப்பதே முறை.

கேள்வி: புதிய கார் வாங்கவிருக்கிறேன். ஒரே மாடலில் ஹாலஜனும் எல்.இ.டி.யும் கிடைக்கிறது. எல்.இ.டி. என்றாலே எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: பெரும்பாலும் ஆம்; கண்ணை மூடிக்கொண்டு அல்ல. அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டு நிறுவனம் 2016-இல் நடுத்தரக் கார்கள் 31-இன் விளக்குகளைச் சாலையில் வைத்து அளந்தபோது, ‘நன்று’ என்ற மதிப்பைப் பெற்றது டொயோட்டா பிரியஸ் வி ஒன்றுதான், அதுவும் எல்.இ.டி.யும் தானியங்கி ஹை பீமும் சேர்ந்த வகையில் மட்டுமே. அதே கார் ஹாலஜனோடு ‘மோசம்’ என்ற மதிப்பைப் பெற்றது. விலை உயர்ந்த கார்கள் பல, நவீன விளக்குகளோடு வந்தும், தேறவில்லை. ஒளிமூலம் புதியது என்பதாலேயே கற்றை நன்றாக இருக்கும் என்று எண்ணக்கூடாது என்பதற்கு அந்தச் சோதனையே போதும்.

எதைப் பார்ப்பது என்று கேட்டால், உங்கள் வேகத்தைப் பாருங்கள் என்பேன். மணிக்கு 80 கிலோமீட்டரில் ஆபத்தை உணர்ந்து பிரேக் மிதிக்க ஒன்றரை விநாடி ஆனால், அதற்குள் கார் 33 மீட்டர் ஓடியிருக்கும். உலர்ந்த சாலையில் நிற்க மேலும் 35 மீட்டர். ஆக மொத்தம் 68, 69 மீட்டர். 65 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து 1 சதவீதம் சாய்ந்த லோ பீமின் மேல்விளிம்பு தரையைத் தொடுவது 65 மீட்டரில். எந்தத் தொழில்நுட்பமானாலும் லோ பீமின் இந்த வடிவக் கணக்கு மாறாது. 100 கிலோமீட்டரில் போகும்போது நிற்கத் தேவையான தூரம் 97 மீட்டராகிவிடும். அதனால், எல்.இ.டி.யா ஹாலஜனா என்பதைவிட, எதிரே யாரும் இல்லாதபோது தானாக ஹை பீமுக்கு மாறும் வசதி இருக்கிறதா, சுமைக்கேற்பக் கோணம் தானாகச் சரியாகிறதா என்ற இரண்டு கேள்விகளை விற்பனையாளரிடம் கேளுங்கள். முடிந்தால் இருட்டிய பிறகு, தெருவிளக்கு இல்லாத சாலையில் ஓட்டிப் பார்க்க அனுமதி கேளுங்கள். எல்.இ.டி. விளக்கில் தனிப் பல்பு கிடையாது, கெட்டால் முழு விளக்கையே மாற்ற நேரும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் காரின் பகல்நேர எல்.இ.டி. விளக்கு, கைபேசியில் காணொளி எடுக்கும்போது மட்டும் துடிக்கிறது. நேரில் பார்த்தால் சீராக எரிகிறது. பழுதா?

பதில்: பழுது இல்லை. எல்.இ.டி.யின் வெளிச்சத்தைக் குறைக்க, அதை விநாடிக்குப் பல நூறு முறை அணைத்து எரியவிடுவது வழக்கமான முறை. அணைந்திருக்கும் நேரத்தைக் கூட்டினால் வெளிச்சம் குறையும். கண் அந்த வேகத்தைப் பிரித்தறியாது. கேமரா ஒவ்வொரு படத்தையும் மிகச் சிறு நேரத்தில் எடுப்பதால், சில படங்களில் விளக்கு எரிந்தும் சிலவற்றில் அணைந்தும் பதிவாகிறது. நேரிலும் துடித்தாலோ, ஒரு பக்க விளக்கு மட்டும் மங்கலாகத் தெரிந்தாலோதான் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும்.